டூல் டிரக் கடனை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நேற்றிலிருந்து சுற்றுகிற அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பற்றித்தான். யார் போட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் காலேஜ்) ஆட்டோமோட்டிவ், அதாவது கார் ரிப்பேர் படித்தவர்களின் கடன், சம்பளம், கீழே "ஸ்பேனர் பிடிக்க டிகிரி, அதுக்கு லோன் வேற" என்று ஒரு நக்கல். சிரியுங்கள், தப்பில்லை. எண்ணைப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

அந்த எண்கள் வரும் காலேஜ் ஸ்கோர்கார்டில் (அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளம்) கடன் என்று இருப்பது மத்திய அரசுக் கடன் வாங்கிப் படிப்பை முடித்தவர்களுடையது மட்டும். கடனே வாங்காதவர் அந்தக் கணக்கில் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் அவர்கள்தான் அதிகம். 2023-24இல் உள்ளூர் மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக 3,990 டாலர். அதே ஆண்டு பெல் கிராண்ட், அதாவது ஏழை மாணவருக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை, உச்சவரம்பு 7,395. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் போக மிச்சமே நிற்கும். பெற்றோரைச் சார்ந்த மாணவர் முதல் வருடம் 5,500, அடுத்த வருடம் 6,500 என்று வரம்பு வரை வாங்கினாலும் மொத்தம் 12,000. ஐந்தரை வட்டியில், பத்து வருடத்தில் கட்ட, மாதம் 130 டாலர். இதற்கா இவ்வளவு சிரிப்பு?

உண்மையான கடன் வேலையில் சேர்ந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. லிஃப்டும் ஸ்கேன் டூலும் கடையுடையது. சாக்கெட், ராட்செட், டார்க் ரெஞ்ச், இம்பாக்ட் கன், அதையெல்லாம் வைக்கிற பெட்டி எல்லாம் பையனுடையது. ஸ்னாப்-ஆன், மேட்கோ மாதிரி கம்பெனிகளின் டூல் விற்கிற வண்டி, அதான் டூல் டிரக், வாரம் ஒருமுறை வாசலுக்கே வரும், வாரத் தவணைக்குக் கொடுக்கும். பெட்டி மட்டுமே பல ஆயிரம் போகும். சம்பளக்காரர் இதை வரியில் கழிக்க 2017 வரை ஓரளவு வழி இருந்தது, 2018இலிருந்து மத்திய வரியில் அதுவும் போனது. ஸ்கோர்கார்டில் இதற்குக் கட்டமே கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், கட்டமே கிடையாது.

சம்பளமா? 2023 மே கணக்கில் மெக்கானிக்குகளின் இடைநிலை ஆண்டு ஊதியம் 47,770 டாலர். பிரமாதம் என்று நான் சொல்லவில்லை. டீலர்ஷிப்பில் பாதிக் கதை ஃப்ளாட் ரேட். எந்த வேலைக்கு எத்தனை மணி என்று சொல்லும் புத்தகத்தில் பிரேக் வேலைக்கு 1.2 மணி என்றால் 1.2 மணிக்குத்தான் கூலி. ரோட்டில் உப்பு கொட்டுகிற மிச்சிகனில் காலிப்பர் பிராக்கெட் போல்ட் துருப்பிடித்து முறிந்து இரண்டரை மணி இழுத்தாலும் அதே 1.2. வாரன்டி வேலைக்கு நேரம் இன்னும் குறைவு. பார்ட்ஸ் வரும்வரை கைகட்டி நின்றால் பூஜ்யம். டீலர்ஷிப் மெக்கானிக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி ஓவர்டைமும் கிடையாது. சிரிப்பதென்றால் இதைப் பார்த்துச் சிரியுங்கள், படிப்பைப் பார்த்தல்ல.

"படிக்காமலே கடையில் சேரலாமே?" சேரலாம், ஆயிலும் டயரும் மாற்றிக்கொண்டே வருடங்கள் ஓடும். டொயோட்டாவின் டி-டென், ஜி.எம்.மின் ஏசெப் மாதிரித் திட்டங்களில் கொஞ்ச நாள் வகுப்பு, கொஞ்ச நாள் டீலர்ஷிப்பில் சம்பளத்தோடு வேலை. மெக்கானிக்குகளுக்கான ஏ.எஸ்.இ. தேர்ச்சிச் சான்றிதழுக்குக் கேட்கிற இரண்டு வருட அனுபவத்தில் ஒரு வருடத்தைப் படிப்பு ஈடுகட்டும்.

"முதுகு, முட்டி போயிடுமே?" போகும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உட்கார்ந்தே முதுகு போன நம் ஐ.டி. ஆட்கள் கேட்பதுதான் வேடிக்கை.

கை கறுத்தால் கேவலம் என்ற நினைப்பை ஊரிலிருந்து சூட்கேஸில் மடித்து அமெரிக்காவுக்கும் கொண்டுவந்துவிட்டோம். செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் மட்டும் மெக்கானிக் "ப்ரோ" ஆகிவிடுகிறார், கோளாறு கண்டுபிடிக்கக் கூலி கேட்டால் மறுபடி கொள்ளைக்காரன். நண்பர் காரில் பி0420 (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோளாறு எண்) வந்தால் எக்ஸாஸ்ட் கசிவையும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரையும் முதலில் பார்க்க வேண்டும். டிகிரிக்காரனிடம் கேட்பானேன், நேராகக் கன்வெர்ட்டரையே மாற்றிக்கொள்ளட்டும்.