சமணர் மலையில் உன் பேருக்கு என்ன வேலை?

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற சமணர் மலைக்கு வருகிற தம்பிகளே, பீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு படி ஏற உங்களுக்குத் தெம்பு இருக்கிறது. காலி பாட்டிலைக் கீழே கொண்டுவர மட்டும் ஏன் கை வலிக்கிறது?

கீழக்குயில்குடி அய்யனாரைக் கும்பிட்டு, வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாறையில் வெட்டிய படிக்குழிக்குள் கண்ணாடிச் சில்லு கிடந்தால் அவர்கள் கண்ணுக்கா தெரியும்? பக்கத்திலேயே மிச்சர் பாக்கெட், கசக்கிப் போட்ட பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய் பொட்டலம். சரி, குப்பையையாவது பொறுக்கிவிடலாம். பாறையில் கீறியதை என்ன செய்வது?

மலையில் பேச்சிப்பள்ளம் என்ற இடத்துச் சுனைக்கு மேலே மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி என்று சமணப் பெரியவர்களை வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. பார்சுவநாதர் தலைக்கு மேல் படம் விரித்த பாம்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கொஞ்சம் தள்ளினால் வெள்ளை பெயின்ட்டில் ஒரு இதயம், குறுக்கே அம்பு, இந்தப் பக்கம் ஒரு எழுத்து, அந்தப் பக்கம் ஒரு எழுத்து. பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறான் பாருங்கள். காதலுக்கு இவ்வளவு முன்னேற்பாடா!

ஆணியும் கையுமாக நின்ற ஒருவனைக் கேட்டேன். "என்னண்ணே, அந்தக் காலத்துல அவங்களும் பேரைத்தானே வெட்டி வச்சிருக்காங்க?" என்கிறான். வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை. ஆமாம்டா தம்பி, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் இருக்கத்தான் செய்கின்றன. அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இந்த மலையில் வெட்டியிருக்கிறது. அந்த அம்மா சிலையைச் செய்யச் சொல்லிவிட்டுப் பெயர் போட்டார். நீ என்னத்தைச் செய்வித்தாய்?

பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தொல்லியல் துறை பலகை வைத்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். பயந்துவிட்டார்களா என்றால், அந்தப் பலகையையும் கீறி வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இன்னும் கொஞ்சம் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமண மடம் இருந்த இடத்தின் அடித்தளம், அதற்கும் மேலே கன்னடக் கல்வெட்டோடு விளக்குத் தூண். அங்கே நின்றால் காற்று ஆளைத் தள்ளும், நாகமலை நீளத்துக்கும் படுத்துக் கிடப்பது தெரியும். அந்த இடத்துக்கு நம்மாட்கள் எதைக் கொண்டுவருகிறார்கள்? புளூடூத் ஸ்பீக்கர். குத்துப்பாட்டு கேட்க மதுரையில் வேறு இடமே இல்லையாய்யா?

இனிமேல் எழுதுகிறவர்கள் பேரோடு நிறுத்தாதீர்கள், போன் நம்பரையும் சேர்த்தே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சில்லு பொறுக்க ஆள் தேவைப்படுகிறது, கூப்பிட வசதியாக இருக்கும்.