லோயர் பரேலில் மழைக்கு ஒதுங்க இடமில்லை

ஊரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். என் ஆபீஸைப் பார்க்க வேண்டும் என்றான், ஒரு நாள் சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனேன். மும்பை லோயர் பரேலில் பதினெட்டாவது மாடி. கண்ணாடியோரம் நின்று பார்த்தவன், "சிங்கப்பூர் மாதிரில்லா இருக்கு அத்தான்" என்றான். ஆறரை மணிக்குக் கீழே இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தோம். ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்கு அரை மணி நேரம். நடைபாதை முழுக்க பைக், அதைத் தாண்டினால் பானிபூரி வண்டி, வண்டியைச் சுற்றி எங்களைப் போலவே கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் கூட்டம். பிளாட்பாரம் வந்து சேர்ந்தபோது அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சிங்கப்பூர் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

மில் இருந்த இடத்தில் டவர்கள் வந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் வீட்டில் உலை கொதிப்பதே அதனால்தான். மூடிப்போன மில்லைப் புதர் மண்ட விட்டு வைத்து யாருக்கு என்ன லாபம்? என் கோபமெல்லாம் நிலத்தைப் பங்கு போட்ட விதத்தின் மேல்.

இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் கிரண்காவ், மில்களின் கிராமம். பரேல், லால்பாக், வொர்லி என்று 58 பஞ்சாலைகள், ஏறக்குறைய 600 ஏக்கர். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வேலைநிறுத்தம் முடிந்தது என்று முறைப்படி யாரும் அறிவிக்கவே இல்லை. மில்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. துணி நெய்து வந்த லாபத்தைவிட, துணி நெய்த தரையின் விலை பல மடங்கு ஏறிவிட்டது.

1991இல் ஒரு விதி போட்டார்கள். வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆவது. மில் நிலத்தை மாற்று உபயோகத்துக்குத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்கு, பூங்கா, மைதானம் என்று. இன்னொரு பங்கு வீட்டு வசதி வாரியமான மாடாவுக்கு. மிச்சம் முதலாளிக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது. 2001இல் அதைத் திருத்தினார்கள்: மொத்த நிலத்தில் பங்கு இல்லையாம், மில் வளாகத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் மட்டும்தானாம். பஞ்சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவரிலிருந்து சுவர் வரை ஷெட்டுதான். காலி இடம் என்பது லாரி திரும்புகிற முற்றம். ஷெட்டை இடித்த பிறகு கிடைக்கிற நிலமெல்லாம் முதலாளிக்கு, முற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு ஊருக்கு! 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. கதை முடிந்தது.

தனியாரைக் குறை சொல்லி என்ன பயன்? அரசாங்கமே தேசிய ஜவுளிக் கழகத்தின் மில்களை ஏலம் விட்டது. அந்த நிலத்தை எல்லாம் சேர்த்து ஒரே திட்டமாகப் பாருங்கள் என்று கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் குழு 1996லேயே சொல்லியிருந்தது. அது தூங்கியது. 2005இல் மும்பை டெக்ஸ்டைல் மில் 702 கோடிக்குப் போனது. ஏழே வருடத்தில் அதே நிலம் 2,700 கோடிக்கு மேல் கை மாறியது.

தெரு மட்டும் மில் காலத்து அகலத்திலேயே நிற்கிறது. ஸ்டேஷனும் அப்படித்தான். மில் காலத்தில் தொழிலாளி பக்கத்துச் 'சால்' என்ற வரிசைக் குடியிருப்பில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இருந்தான், போங்கா என்கிற மில் சங்கு ஊதினால் நடந்தே வந்துவிடுவான். இன்று நாங்கள் விராரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் ரயிலில் வருகிறோம், அதுவும் ஒரே நேரத்தில். லோயர் பரேல் ஸ்டேஷனை ஒட்டிய டிலைல் ரோடு பாலத்தை 2018இல் மூடினார்கள், முழுசாகத் திறந்தது 2023 நவம்பரில். அந்த ஐந்து வருடத்தில் பாலத்தைச் சுற்றி எத்தனை மாடி ஏறியது என்று எண்ணக்கூட முடியாது.

2017 செப்டம்பர் 29. லோயர் பரேலுக்கு அடுத்த எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷன் நடைமேம்பாலம். காலை பத்தரை மணி, திடீர் மழை. ஒதுங்க வேறு இடம் இல்லாததால் எல்லோரும் படிக்கட்டிலேயே நின்றார்கள், ரயில் ரயிலாக ஆள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவர் கையிலிருந்த பூ மூட்டை விழுந்தது, "பூல் கிர் கயா" என்று கத்தியதை "புல் கிர் கயா", பாலம் விழுந்துவிட்டது, என்று கூட்டம் கேட்டுக்கொண்டது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். 23 பேர் செத்துப்போனார்கள். அன்று நான் முந்தைய ரயிலில் வந்துவிட்டிருந்தேன். பிறகு ராணுவத்தை அழைத்துப் புதுப் பாலம் கட்டினார்கள், சில மாதங்களில் முடிந்தது. அந்தப் பாலத்தை முன்னாலேயே ஏன் கட்டவில்லை என்று யாரைக் கேட்பது?

ஆபீஸ் கீழே டீக்கடையில் ஒரு பெரியவர் வருவார். காகா என்றுதான் கூப்பிடுவேன், மராத்தியில் சித்தப்பா (ஊரில் இப்படிக் கூப்பிட்டால் சிரிப்பார்கள்). மில்லில் தறி ஓட்டியவர், இப்போது 78 வயது. சட்டைப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு காகிதம்: மில் தொழிலாளர்களுக்கு வீடு தரும் மாடா குலுக்கலுக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீது. 225 சதுர அடி வீட்டுக்கு. 2012இல் முதல் குலுக்கலில் 6,925 வீடு கொடுத்தார்கள், விண்ணப்பித்தவர்கள் ஒன்றரை லட்சம் பேர் இருக்கும். இப்போது ஷேலு, வாங்கணி பக்கம் வீடு தருகிறோம் என்கிறது அரசு.

"ஷேலு போய்ப் பார்த்தீங்களா காகா?" என்று கேட்டேன்.

"கர்ஜத் லோக்கல்ல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். போனா சாயங்காலம் இங்க டீ குடிக்க வர முடியுமா?" என்றார். காகிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். மழை தூற ஆரம்பித்தது. கடைக்காரர் தார்ப்பாயை இழுத்துவிட்டார். நாங்கள் நாலு பேர் அதற்குக் கீழே நெருக்கி நின்றோம், எதிரே டவரின் வாசலில் காவலாளி, கார் வரும் வழி என்று சொல்லி மழைக்கு ஒதுங்கியவர்களை விலக்கிக்கொண்டிருந்தார்.