மதர் தெரசா நாத்திகரா? அந்த ஃபார்வர்டு தப்புங்க

"மதர் தெரசாவுக்கே கடவுள் நம்பிக்கை கிடையாது, லெட்டர்ல ஒத்துக்கிட்டாங்க, சேவை எல்லாம் சும்மா வேஷம்"னு ஒரு மெசேஜ் குரூப் குரூப்பா சுத்துது. பாதி உண்மைய வச்சுக்கிட்டு மீதிய இஷ்டத்துக்கு கட்டி விட்டிருக்காங்க.

லெட்டர்ஸ் இருக்கறது நெஜம்தான். 2007ல புக்காவே வந்துச்சு. மனசுக்குள்ள ஒரே இருட்டு, ஜெபம் பண்ணா பதிலே இல்ல, கடவுள் இருக்காரான்னே தெரியலைன்னு எழுதிருக்காங்க, அதுவும் ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, 1950 வாக்குல இருந்து சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான், நடுவுல 1958ல கொஞ்ச நாள் மட்டும் விலகுச்சு. ஆனா அத எழுதினது யாருக்கு? தன்னோட ஆன்ம குருவா இருந்த பாதிரியாருங்களுக்கும் பிஷப்புக்கும். நம்பிக்கைய விட்டவங்க எதுக்குங்க அவங்ககிட்ட போய் புலம்பணும்? அந்த லெட்டர எல்லாம் அழிச்சிடுங்கன்னு வேற கேட்டிருக்காங்க, வேஷம் போடுறவங்க பேச்சு மாதிரியா இருக்கு இது!

1961 வாக்குல ஜோசப் நாய்னர்னு ஒரு இயேசு சபை பாதிரியார், இந்த இருட்டும் உங்க வேலையோட ஒரு பகுதிதான்னு எடுத்துச் சொன்னதுக்கு அப்புறம், இப்போ இந்த இருட்டையே நேசிக்க ஆரம்பிச்சிட்டேன்னு அவருக்கு எழுதினாங்க. ஃபார்வர்டுல இந்த வரிய மட்டும் காணோம் பாத்தீங்களா.

அவங்க சபை சேப்பல் எதுக்குள்ள போனாலும் சிலுவை பக்கத்துல சுவத்துல, இயேசு சிலுவைல தொங்கும்போது சொன்ன "தாகமாயிருக்கிறேன்"ங்கற வார்த்த எழுதியிருக்கும். அந்த தாகத்த தீர்க்கறதுதான் கொல்கத்தா காளிகாட்ல இருந்த அவங்க இல்லத்துல சாகக் கிடந்தவங்கள கழுவித் தொடச்சதுன்னு அவங்க நெனச்சாங்க. உள்ள ஒண்ணுமே தோணாதப்பவும் காலைல எழுந்து ஜெபத்துக்குப் போயிட்டு அதே வேலைக்குத்தான் போனாங்க.

அவங்க மேல வேற விமர்சனம் நெறைய இருக்கு, அங்க மருத்துவ வசதி எப்படி இருந்துச்சுங்கறது உட்பட, அத தாராளமா பேசலாம். நாத்திகர்ங்கறது மட்டும் பொய்.