அரசியல்வாதி வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் தமிழ்க் கடிதங்களை யார் பிரிப்பது?

சிங்கப்பூரில் நீண்டகாலம் நாடாளுமன்ற உறுப்பினராகவோ அமைச்சராகவோ இருந்தவர் காலமானால், சில மாதங்களில் வீட்டை ஒழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கேடயங்களும் சட்டமிட்ட படங்களும் பத்திரமாகிவிடும். கட்டுக்கட்டான காகிதம் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போகும், அல்லது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் அடைபடும். வருங்கால ஆய்வாளருக்குக் கேடயத்தால் ஒரு பயனும் இல்லை. காகிதம்தான் வேண்டும், அதிலும் தமிழில் எழுதப்பட்ட காகிதம். இங்கே மிக எளிதாகத் தொலைந்துபோவதும் அதுதான்.

ஏற்கும் இடம் இல்லாமல் இல்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் இருவருடைய தனிப்பட்ட ஆவணங்களும் ஐசியாஸ் யூசோஃப் இஷாக் கழக நூலகத்தில் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகமும் இருக்கிறது. ஆனால் பெட்டி அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே, வீட்டிலேயே பாதிச் சேதம் நடந்துவிடுகிறது.

முதல் சேதம், ஆசையாக உட்கார்ந்து அடுக்குவது. ‘1984 கடிதங்கள்’, ‘கோயில்’, ‘பள்ளி’ என்று புதிதாகப் பிரிக்காதீர்கள். கோயில் நிர்வாகக் குழுவின் கடிதம், பதிலின் கார்பன் நகல், நாளிதழ் நறுக்கு, நாடாளுமன்ற உரையின் வரைவு நான்கும் ஒரே கோப்பில் இருந்தால், எது எதற்குக் காரணமானது என்பதை அந்த வரிசையே சொல்லும். கலைத்தால் நான்கும் தனித்தனிக் காகிதம். அலமாரியை இருந்தபடியே தட்டுத் தட்டாகப் படமெடுங்கள். பெட்டிக்கு எண் போடுங்கள், எந்தத் தட்டிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். காகிதத்தில் எழுத 2B பென்சில் மட்டும்.

எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை. நாடாளுமன்ற அறிக்கைகள் இணையத்தில் கிடைக்கின்றன, அச்சுப் பிரதியைக் கழிக்கலாம். ஆனால் ஓரத்தில் பேனாக் குறிப்பு இருந்தால் அந்தப் பிரதி உலகில் ஒன்றுதான். அமைச்சு வெளியிட்ட உரைக்கும் இதே கணக்கு. அடித்துத் திருத்திய வரைவு அந்த வீட்டில் மட்டும்தான் இருக்கும்.

அமைச்சரவைத் தாள்களும் அமைச்சின் கோப்புகளும் குடும்பச் சொத்து ஆகாது. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கண்ணில் பட்டால் ஸ்கேன் செய்யாமல், வாட்ஸ்அப்பில் போடாமல், தனியே மூடிவைத்துச் சம்பந்தப்பட்ட அமைச்சிடமோ ஆவணக் காப்பகத்திடமோ சொல்லிவிடுங்கள். நகர மன்றக் கோப்பும் கட்சிக் கோப்பும் அந்தந்த அமைப்புக்குரியவை.

தொகுதி மக்கள் உறுப்பினரிடம் நேரில் உதவி கேட்கும் மக்கள் சந்திப்பில் வந்த மனுக்கள் தனிச் சிக்கல். வாடகை பாக்கி, குடியுரிமை, மகனின் வழக்கு, எல்லாம் அடையாள அட்டை எண்ணோடு இருக்கும். பயந்துபோய்க் கிழித்துவிடுகிறார்கள். கிழிக்க வேண்டாம். தனிப் பெட்டியில் வைத்து, இத்தனை ஆண்டுகளுக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனையோடு கொடுக்கலாம். சாதாரணக் குடும்பங்கள் எதற்காக உறுப்பினரைத் தேடிப் போனார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இனி தமிழ்க் கட்டு. பட்டியல் போடுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ‘தமிழ்க் கடிதங்கள், பலவகை, 3 பெட்டி’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தேட முடியாது. தமிழ் தெரியாததால் தவறாகப் பதிவாகும் இடங்களும் உண்டு. சங்கத்துக் கடிதத் தலைப்பில் ‘தி.ஆ. 2015’ என்றிருக்கும். அது திருவள்ளுவர் ஆண்டு. 31 கழித்தால் 1984, தை முதல் நாளில் தொடங்குவது. அதைப் பார்த்து 2015 என்று பதிந்தால் கடிதம் முப்பத்தோரு ஆண்டு தள்ளிப் போய்விடும்.

தேதியே இல்லாத கடிதத்துக்கும் வழி உண்டு, முகவரியைப் பாருங்கள். அஞ்சல் குறியீடு நான்கு இலக்கமாக இருந்தால் 1979க்கும் 1995க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கம் என்றால் 1995க்குப் பிறகு. தொலைபேசி எண் 6இல் தொடங்கி எட்டு இலக்கமாக இருந்தால் 2002க்குப் பிறகு. பழைய தாளைத் தீரும்வரை பயன்படுத்தும் சங்கங்கள் உண்டு என்பதால் இதை உத்தேசமாகவே குறிக்க வேண்டும். பெயரை மூன்று விதமாகப் பதியுங்கள்: கடிதத்தில் உள்ள தமிழ் வடிவம், அதே கடிதத்தில் ஆங்கில வடிவம் இருந்தால் அது, அந்தப் பெயருக்கு உரியவர் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதிய வடிவம். கோவிந்தசாமிக்கு நான்கைந்து ஆங்கில எழுத்துக்கூட்டல் உண்டு. இணைத்து வைக்காவிட்டால் ஒரே மனிதர் நான்கு பேராகிவிடுவார்.

1990களின் பிளாப்பி தட்டு இருந்தால் உடனே கணினியில் செருகாதீர்கள். முதலில் எழுதாமல் தடுக்கும் சிறு நகர்த்தியைத் தள்ளுங்கள், பிறகு தட்டு முழுவதையும் அப்படியே நகலெடுங்கள். அந்தக் காலத் தமிழ்க் கோப்புகள், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு அல்ல. இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் தெரியும், கெட்டுவிட்டது என்று அழித்துவிடுவார்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றிவிடலாம். அதனால் அப்போது தட்டச்சு செய்த உதவியாளரை இன்றே கேளுங்கள். மாற்றிய கோப்பு வேறு, மூலக் கோப்பு வேறு, இரண்டும் இருக்க வேண்டும்.

காகிதத்துக்கு எதிரி நம் ஈரப்பதம். 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமில்லாத பாம் ஷெல்டர் வேண்டாம், பகலில் மட்டும் ஏர்கான் ஓடும் அறையும் வேண்டாம். ஏறி இறங்கும் ஈரம் இன்னும் கெடுதல். துருப்பிடித்த ஸ்டேப்பிளைப் பிடுங்கி இழுத்தால் மூலை கிழியும். பின்பக்கம் இரு கால்களையும் மெல்ல நிமிர்த்திய பிறகே எடுக்க வேண்டும். ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டியிருந்தால் சுரண்டாமல் காப்பகத்திடமே விட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வழவழப்பான ஃபேக்ஸ் தாள்களை நகலெடுங்கள், அந்த எழுத்து தானாகவே மங்கிக்கொண்டிருக்கிறது. நாளிதழ் நறுக்கின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும், இடையில் அமிலமற்ற தாள் வையுங்கள்.

ஒப்படைக்கும்போது நன்கொடைப் பத்திரத்தில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கட்டும். மூடிவைக்கும் காலம் எந்த ஆண்டு முடிகிறது, கொடுத்தவர் இறந்தபின் அனுமதி தருவது யார், வேண்டாம் என்று ஒதுக்கியதைத் திருப்பித் தருவார்களா. அரசியல்வாதிக்கு வந்த கடிதத்தின் தாள்தான் அவருடையது. பதிப்புரிமை எழுதியவருக்கும் வாரிசுகளுக்கும், இறந்து 70 ஆண்டு வரை. இணையத்தில் ஏற்றுமுன் இதைப் பேசித் தீர்க்க வேண்டும். நீங்கள் போட்ட தமிழ்ப் பட்டியலையும் பத்திரத்தோடு இணைப்பாகச் சேருங்கள். அப்போதுதான் அது பெட்டியோடு பதிவாகும்.