பிரிந்தது சண்டையால் மட்டுமா?

தொண்ணூறுகளின் சிங்கப்பூர் ராக் குழுவான ஹம்ப்பேக் ஓக் மூன்று ஆல்பங்களோடு ஏன் நின்றுபோனது என்று நான் படித்த ஒரு கட்டுரை கேட்கிறது. சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் அதே காலத்தில் ஒரு குழுவில் டிரம்ஸ் அடித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். (எங்கள் குழுவின் பெயரைக் கேட்காதீர்கள், இன்றும் வெட்கமாக இருக்கிறது.)

இங்கே ராக் குழுக்களை உடைப்பது பெரும்பாலும் சண்டை அல்ல, நாட்காட்டி. எங்கள் கிட்டாரிஸ்ட் தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கு, போனான். அவன் திரும்பும்போது நான் போனேன். நான் வெளியே வந்தபோது பாடகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஜாமிங் ஸ்டூடியோ எடுப்போம். ஆர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் கலை மையத்தின் தோட்டத்தில் வாசிப்பதுதான் எங்கள் உச்சக் கனவு. முப்பது லட்சம் சொச்சம் பேர் இருந்த ஊரில், சொந்தப் பாட்டை விற்று யார் வாடகை கட்ட முடியும்?

"நாதஸ்வரம் கற்றாலாவது கோயிலில் கூப்பிடுவார்கள்" என்பார் அப்பா. அதிலும் நியாயம் இருந்தது, சரி.

ஆனால் 'பிரிந்தார்கள், முடிந்தது' என்று கட்டுரை நிறுத்தியதுதான் குறை. ஹம்ப்பேக் ஓக் பாடகர் லெஸ்லி லோ 2001-ல் தி அப்சர்வேட்டரி குழுவைத் தொடங்கினாரே! இசை அடியோடு மாறியது, ஆள் மாறவில்லை. அதை ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

1994-ல் வந்த ஹம்ப்பேக் ஓக்கின் முதல் ஆல்பத்தை அண்ணன் கேசட்டில் பதிந்து தந்தார். நாடா சிக்கி, பென்சிலால் சுற்றிச் சுற்றியே கேட்டேன். அப்புறம் வீடு மாறியபோது தொலைந்துபோனது.