பீரோ சாவி யாரிடம்?

என் அண்ணன் மகள் குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஜூலையில் ஒரு நாள் காலை பத்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல், கீழே இறக்கிப் பிடித்திருந்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"ஸ்கூல்ல நாப்கின் இல்லையா?"

"இருக்கு அத்தை. பீரோல இருக்கு. சாவி சார்கிட்ட இருக்கு."

பொறுப்பு டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தாராம். சாரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை.

திட்டம் இல்லாமல் இல்லை. 2011இல் தமிழக அரசு அறிவித்த புதுயுகம் திட்டத்தில், கிராமத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு நாப்கின் இலவசம். இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. இதைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். விரல்விட்டுக் கணக்குப் போட்டாள்: "மாசத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு மாத்தணும்னு டீச்சரே சொன்னாங்க. அஞ்சு நாளைக்கு ஒன்பது எப்படி அத்தை?"

எங்கள் காலத்தில் நாங்கள் எதையும் கேட்டதில்லை. பழைய புடவைத் துணிதான், துவைத்துக் கட்டிலுக்கு அடியில் காயப்போடுவோம். வெயிலுக்குப் பேர்போன வேலூர் மாவட்டத்தில் அந்தத் துணிக்கு மட்டும் வெயில் கிடைக்காது.

அவள் சும்மா இருக்கவில்லை. நோட்டுத்தாளில் மனு எழுதி, கூடப் படிக்கும் பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து வாசித்துவிட்டாள். "நாப்கினைப் பெண்கள் கழிவறையிலேயே பெட்டியில் வையுங்கள். பூட்டு வேண்டாம்." ஆண்கள் பாதிப்பேர் வேப்பமரத்தைப் பார்த்தார்கள். "சபையில பேசுற பேச்சா இது?" என்றார் ஒருவர். பின்வரிசையில் ஒரு பீடி சுற்றும் பாட்டி, "நீ எப்படிப்பா பொறந்த?" என்றது. அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

"படிக்கிற வயசில் போராட்டம் எதுக்கு?" என்று உறவில் இரண்டு பேர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். அவள் அன்றைக்கு விட்ட கணக்குப் பாடத்துக்கு இவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. வெட்கத்தைத் தாண்டினால்தான் கிடைக்கும் என்றால் அது என்ன இலவசம்? பூட்டிவைத்துக் கொடுப்பதற்கு நாப்கின் என்ன ரேஷன் சர்க்கரையா?

சரி, பெட்டி வந்துவிட்டது. கழிவறையில் தண்ணீர்தான் வரவில்லை. அதற்கும் ஒரு மனு தயார். முதல் கையெழுத்து நான். அடுத்தது என் அண்ணன். அவரிடம் வாங்கத்தான் அவளுக்கு இரண்டு நாள் ஆனது.