கண்ணாடி போட்டவர்கள் பைனாகுலர் வாங்குமுன்

புதுச்சேரிக்கு அருகே பறவைகள் கூடும் ஊசுட்டேரிக் கரையில் அடிக்கடி காணும் காட்சி: கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார்கள், பைனாகுலரை வைப்பார்கள், மறுபடி கண்ணாடியை இறக்குவார்கள். அதற்குள் பறவை போய்விடும். ஆளின் மேல் குற்றமில்லை, பைனாகுலர்தான் பொருந்தவில்லை.

கண்ணாடிக்காரர் பெட்டியில் முதலில் தேட வேண்டியது ஐ ரிலீஃப் என்ற எண். கண் பின்லென்ஸிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்தும் முழு வட்டமும் தெரியும் என்பதைச் சொல்வது அது. மூக்குக் கண்ணாடியே 12 முதல் 14 மி.மீ. இடத்தைத் தின்றுவிடுகிறது. 15-க்குக் கீழே இருந்தால் தொடாதீர்கள். 17, 18 இருந்தால் நிம்மதி. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த அளவை வழக்கமாக லென்ஸ் பரப்பிலிருந்து எடுப்பார்கள். லென்ஸ் ரப்பர் விளிம்புக்கு 3 மி.மீ. உள்ளே பதிந்திருந்தால் பெட்டியில் இருக்கும் 16 உங்கள் கண்ணுக்கு 13தான்.

அதனால் கையில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். பின்லென்ஸைச் சுற்றியுள்ள ஐகப் என்ற வளையத்தை முழுக்கத் திருகி இறக்கிவிட்டு, கடை வாசலுக்கு வாருங்கள். புதுச்சேரியின் நேர்கோட்டுத் தெருக்களில் கோடியிலுள்ள பெயர்ப்பலகையே போதும். வட்டத்தின் கறுப்பு விளிம்பு சுற்றிலும் கூர்மையாகத் தெரிந்தால் சரி. விளிம்பே தெரியாமல் குழாய்க்குள் பார்ப்பதுபோல் இருந்தால் ரிலீஃப் போதவில்லை. அவரை விதை வடிவில் கருநிழல் உருண்டு உருண்டு வந்தால் கண் ரொம்பக் கிட்டே இருக்கிறது. ஐகப்பை ஒரு படி உயர்த்துங்கள். ஓரம் உலோகமாக இருந்தால் கண்ணாடியில் கீறல் நிச்சயம்.

பவர் விஷயத்தில் என் கட்சி 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ. அகலம். பெருமாள் ஏரி போன்ற பரந்த நீரில் 10 வேண்டாமா என்பார்கள். ஒரே மாடல் வரிசையில் 10-க்குப் பெரும்பாலும் ஐ ரிலீஃப் குறைவு, பார்வைப் பரப்பும் குறைவு, கை நடுக்கம் மட்டும் கூடுதல். சின்னக் கரைப்பறவையான கொசு உள்ளானின் கால் கறுப்பா, டெம்மிங்க் உள்ளானைப்போல் மஞ்சள் கலந்த பச்சையா என்று பிரிக்க ஆடாத படம்தான் உதவும். நடு ஏரியில் நிற்பவற்றுக்கு முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்தான் வழி. ஆன்லைனில் மலிவாக வரும் 20x50-ஐக் கண்ணாடியோடு பார்த்தால் சாவித்துவாரம்தான்.

‘கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸ் திருகினால் போயிற்று’ என்பது பாதி உண்மை. வெறும் கிட்டப்பார்வைக்கு அது நடக்கும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மாட்டிசத்துக்குத் தருவது) கணிசமாக இருந்தால் எவ்வளவு திருகினாலும் கிளையின் கோடு கலங்கியேதான் நிற்கும். தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடியாக வரும் புரோகிரசிவ் லென்ஸ்காரர்கள் மேல்பகுதி வழியாகப் பார்க்கும்படி கண்ணாடியைச் சரிசெய்துகொள்ள வேண்டும், கீழ்ப்பகுதி படிக்கத்தான்.

இரு கண்ணுக்குமான ஃபோகஸ் வித்தியாசத்தைச் சரிசெய்யும் டயாப்டரையும் கண்ணாடி போட்டபடியே வையுங்கள். வலது முன்லென்ஸை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் ஃபோகஸ். பிறகு இடதை மூடி, அதே பொருளை வலக்கண்ணுக்கு டயாப்டர் வளையத்தால் மட்டும். இதற்குள் நடுச்சக்கரத்தைத் தொட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நம் கடலோரத்துக்கு நைட்ரஜன் நிரப்பி அடைத்த மாடலே வாங்குங்கள். உட்புறம் பனிக்காது, பூஞ்சையும் எளிதில் வராது. ஏசி காரிலிருந்து இறங்கியதும் வெளிப்புறம் பனிப்பதை அது தடுக்காது, சில நிமிடம் விட்டுவிடுங்கள். உப்புக்காற்று பட்ட லென்ஸைச் சட்டை நுனியால் தேய்க்காதீர்கள், கோட்டிங் போய்விடும். முதலில் ஊதுபந்தால் தூசி தட்டிவிட்டு, கிளீனர் திரவம் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடையுங்கள்.